ஒரு சொட்டுச் சிவப்பு

லண்டனில் பெயின்ட் கடை வைத்திருப்பவர் நாள் முழுக்கச் சொல்லியாக வேண்டிய சொல் வெள்ளை. நான் பெயின்ட் வாங்கிய கடைக்கார அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. சீலிங்குக்கு அடிக்கிற வெள்ளைக்கு அவர் வைத்திருந்த பெயர் "மேலே". கதவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அடிக்கிற பளபளப்பான வெள்ளை "ஓரம்". "மேலே ரெண்டு, ஓரம் ஒண்டு, வேறென்ன?" என்று கேட்டுக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து டின்களை இழுப்பார். புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். பழகியவர்கள் தாங்களும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெரிய உடம்புள்ள இங்கிலீஷ் பெயின்டர்மார் வரிசையில் நின்று, "ஒரு மேலே தாங்கோ" என்று பணிவாகக் கேட்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் பாஷையில் இங்கிலீஷ்காரருக்குப் பெயரே வெள்ளைக்காரர்தான் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"முழு ஆக்களுக்குமா?"

"ஓம், முழு ஆக்களுக்கும்."

"பாவம், அதுகள்," என்றார்.

அவர் ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனப் பெண். அறுபதைத் தொடப்போகிற வயது. குட்டையாக வெட்டிய தலைமயிர். மூக்குக்கண்ணாடியில் எப்போதும் ஏதாவதொரு நிறத்தில் ஒரு புள்ளி காய்ந்திருக்கும். கடை லூயிஷாமில், சந்தையைத் தாண்டி மேடேறுகிற ஒரு தெருவில் இருந்தது. ஆறு கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற வரிசை அது. அவருக்கு ஒரு பக்கம் ஜமேக்காக்காரரின் பேக்கரி, மறுபக்கம் துருக்கிக்காரரின் சலூன். அவருடைய கடை முகப்பு முழுவதும் நல்ல சிவப்பு. அதன் மேல் கறுப்பில் கடையின் பெயர், இங்கிலீஷிலும் சீனத்திலும். கல்லாவுக்கு மேலே அவருடைய கணவரின் படம் மாட்டியிருந்தது. கடையைத் தொடங்கியவர் அவர்தான். நான் அங்கே போகத் தொடங்கிய காலத்தில் அவர் உயிரோடு இல்லை.

நான் ஜெர்மனியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவன். மன்னாரைச் சேர்ந்த சூசையோடு சேர்ந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கதைப்பது சூசையின் வேலை, டின் தூக்குவது என் வேலை. ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் தமிழிலேயே எனக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கிலீஷைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருடைய கடையில் மட்டும் அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். கலர் கார்டை நடுவில் விரித்து வைத்து, விரலால் காட்டிக் காட்டியே பாதிப் பேச்சை முடித்துவிடுவோம். இங்கே நான் எழுதுகிற அவருடைய பேச்செல்லாம் உண்மையில் உடைந்த இங்கிலீஷ். என் நினைவில் அது எங்களுடைய தமிழாகத்தான் கிடக்கிறது.

சூசை என்னை "அண்ணை, அண்ணை" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று எண்ணி அவரும் என்னை அண்ணை என்றார். என்னைவிட நன்றாக மூத்தவர். திருத்த எனக்கு வெட்கமாக இருந்தது. பதிலுக்கு நான் அக்கா என்றேன். கடைசிவரை நாங்கள் ஒருவருக்கொருவர் அப்படித்தான் மூத்தவர்களாக இருந்தோம்.

எதை வாங்கப் போனாலும் அவர் முதலில் கேட்பது, "ஆருக்கு?" என்பதுதான். எந்த அறைக்கு என்றல்ல, எந்த ஆளுக்கு. வால்தம்ஸ்டோவில் புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு தமிழ்ச் சோடி, படுக்கை அறைக்குச் சாம்பல் கலந்த நீலம் வேண்டும் என்று கார்டில் குறித்துத் தந்திருந்தார்கள். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கலியாணம் முடிச்சு எவ்வளவு காலம்?"

"ரெண்டு மாதம் இருக்கும்."

"இங்கிலீஷ்காரர் கவலை வந்தா என்ன சொல்லுவினம்? நான் நீலமா இருக்கிறன் எண்டு சொல்லுவினம். சொல்லிப்போட்டுப் போய் நீல அறைக்குள்ள படுப்பினம். அவையளுக்குப் பழக்கம். உந்தப் பிள்ளையள் ஏன் அதைப் பழகவேணும்?"

கலந்து தரமாட்டேன் என்று நின்றார். பெயின்ட் விற்க மறுக்கிற பெயின்ட் கடையை நான் அங்கேதான் பார்த்தேன். வான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த சூசை, "அக்கா, அந்தப் பெடியனுக்கு நீல அறை இல்லையெண்டா எங்களுக்கு வேலை இல்லை," என்று கெஞ்சிய பிறகுதான் மெஷினில் டின்னை வைத்தார். தரும்போது டின்னின் கைபிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். அடுத்த வருடம் அந்தச் சோடிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்த செய்தியைச் சூசை கொண்டுபோய்ச் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை. "நூல்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

வேலை நெருக்கம் இல்லாத மத்தியானங்களில் கடையின் பின்பக்கத்தில் எங்களுக்குத் தேத்தண்ணி கிடைக்கும். பால் விடாத தேத்தண்ணியை இங்கிலீஷ்காரர் கறுப்பு என்பார்கள். அவர் அதைச் சிவப்புத் தேத்தண்ணி என்பார். கிளாசை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "நீயே பார், இதில எங்க கறுப்பு இருக்கு?" என்பார். உண்மையில் சிவப்புத்தான். நாங்கள் என்ன சொல்வோம் என்று கேட்டார். வெறும் தேத்தண்ணி என்றேன். வெறும் என்றால் ஒன்றும் இல்லாதது.

"நிறமும் இல்லையா?"

"இல்லை."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல், காய்ச்சாத தண்ணீரை நாங்கள் பச்சைத்தண்ணி என்போம் என்று சொன்னேன். உடனே எழுந்துபோய்க் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்துவந்து, அதையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, "எங்க பச்சை, எங்க பச்சை?" என்று கேட்டுச் சிரித்தார். அன்று பின்னேரம் கடைக்கு வந்த ஒரு கிழவரிடம், தாகமாக இருக்கிறதா, பச்சைத் தண்ணீர் தரவா என்று கேட்டார். அந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியேறினார்.

சூசைக்கு நாக்கில் பிரேக் கிடையாது. இங்கிலீஷில் கூடாத படத்துக்கு நீலப் படம் என்று பெயர், எங்கள் ஆட்களும் அப்படித்தான் சொல்வோம், உங்கள் ஊரில் எப்படி என்று அவரிடமே கேட்டுவிட்டான். நான் டின்களுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மஞ்சள்," என்றார்.

அடுத்த கிழமை என் மச்சாளின் கலியாண அழைப்பிதழை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தது. அவர் வாங்கி மூலைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நல்ல கலியாணம்தானே?" என்று கேட்டார்.

வந்தார். ஆர்ச்வேயில் முருகன் கோயிலில் தாலிகட்டு. மணப்பெண் சிவப்புக் கூறைச்சேலையை உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தபோது, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊருக்கு வந்து இவ்வளவு வருசத்தில இண்டைக்குத்தான் ஒரு கலியாணத்தைக் காணுறன்," என்றாராம். பக்கத்தில் இருந்த சூசைக்குப் பொறுக்கவில்லை. "எங்கட சேர்ச்சில பொம்பிளை வெள்ளைதான் உடுக்கும், அக்கா. என்ர மனுசியும் வெள்ளைதான்." அவர் சூசையின் முதுகில் இரண்டு தரம் தட்டிக் கொடுத்தார். துக்கம் விசாரிக்கும்போது தட்டுவார்களே, அப்படி.

அந்த வருடக் குளிருக்குச் சூசை ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். அவர் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். சூசையின் மனைவி சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையே என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன்.

"அப்ப ஏன் இவன் உதைத் தலையில போட்டுக்கொண்டு ஊர் முழுக்கத் திரியிறான்?"

பிறகு தயங்கித் தயங்கி விளக்கினார். அவர்கள் ஊரில் பச்சைத் தொப்பி போட்ட ஆம்பிளை என்றால், மனைவி வேறொருவனோடு போகிறாள் என்று அர்த்தம். சீனர் யாரும் அந்த நிறத்தில் தொப்பியைக் கையாலும் தொடமாட்டார்கள். சூசைக்குப் பக்குவமாகச் சொல்லிவிடு என்று பொறுப்பை என்னிடம் தந்தார். பகல் முழுக்க என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. வேலை முடிந்து வானில் ஏறிய பிறகுதான் சொன்னேன். சூசை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உதைப் பின்னித் தந்ததே அவள்தான், அண்ணை."

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த கடைக்குத்தான் ஒருநாள் ஏஜென்ட் வந்தான். வரிசை முழுவதும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். வாடகை, குத்தகை எல்லாவற்றையும் பார்ப்பவன் இந்த ஏஜென்ட். இளம் வயது, நல்ல மரியாதையான பேச்சு, கையில் எந்நேரமும் கறுப்புக் குடை, காதில் எந்நேரமும் மொபைல். எதிர்ப்பக்கத்தில் புதிய மாடிவீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை விற்கிறவனும் இவன்தான். வீடு பார்க்க வருகிறவர்களின் கண்ணுக்கு இந்தக் கடைகள் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்று முதலாளி விரும்புகிறாராம். ஆறு முகப்பும் வெள்ளை, எழுத்தெல்லாம் கறுப்பு. "சுத்தமாக, கௌரவமாக இருக்கும்," என்றான். அடிக்காதவர்களுக்கு அடுத்த தடவை குத்தகையைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம் என்பதையும் அதே மரியாதையோடு சொன்னான்.

பேக்கரிக்காரரும் சலூன்காரரும் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார்கள்.  ஏஜென்ட் போன பிறகு அக்கா ஒரு டின்னின் மேல் உட்கார்ந்தார்.

அவருடைய கணவர் இறந்தபோது, அவர்கள் ஊர் வழக்கப்படி கடைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டினாராம். வெள்ளைக் கடதாசி, கறுப்பு எழுத்து. இந்த வீட்டில் சாவு நடந்திருக்கிறது என்று தெருவுக்குச் சொல்வதற்கு. துக்க நாட்கள் முடிந்ததும் தன் கையாலேயே அதை எடுத்தார்.

"பசை விடயில்லை. பிளேட்டால சுரண்டிச் சுரண்டி எடுத்தனான். ஒரு முழுப் பகல் போச்சு. இப்ப இவன் கடை முழுக்க அதை ஒட்டச் சொல்லுறான்."

எனக்கு அது விளங்கியது. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கை நெடுகிலும் வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். யாரிடமும் வழி கேட்காமல் அதைப் பார்த்துப் பார்த்தே போய்விடலாம். சூசை, "அக்கா, வெள்ளையெண்டா என்ன, எங்களுக்கெல்லாம்..." என்று தொடங்கினான். அவனுடைய காலை மிதித்தேன்.

"மாட்டன் எண்டு சொன்னா அவன் கடையை எடுப்பான்," என்றார் அவர். "அடிச்சா நான் அதுக்குள்ள இருக்கமாட்டன். பூட்டிப்போட்டு மகளிட்டப் போறன்."

மகள் வெகு தூரத்தில் வேறு நகரத்தில் இருந்தாள். வந்து இருங்கோ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததும், இவர் போகாமல் இருந்ததும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள். பெயின்ட் வாங்க வேறு கடைகள் எத்தனையோ இருந்தன. "ஆருக்கு?" என்று கேட்கிற கடை வேறு இருக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, ஏணியை எடுத்துக்கொண்டு வா என்று போன் வந்தது. போனபோது அவருடைய முகம் தெளிந்திருந்தது. நிறம் கலக்கும் மெஷினின் கீழே ஒரு பெரிய டின் மூடி திறந்தபடி நின்றது. உள்ளே அவர் பெயர் சொல்லாத அந்த நிறம் நிறைந்திருந்தது. என்னைப் பக்கத்தில் வந்து நின்று பார்க்கச் சொல்லிவிட்டு, சிவப்புக் குமிழை மிக மெதுவாக அழுத்தினார். ஒரு சொட்டு விழுந்தது. நெற்றியில் வைத்த குங்குமம் மாதிரி நடுவில் நின்றது. மூடியை அடித்து இறுக்கி, குலுக்கும் மெஷினில் வைத்து எடுத்துத் திறந்தார். சொட்டு இருந்த இடம் தெரியவில்லை. டின் முழுக்கப் பால் போல இருந்தது.

"கண்ணுக்குத் தெரியேல்லையே, அக்கா."

"கண்ணுக்கில்லை."

"பிறகு ஆருக்கு?"

"அவன் கேட்டது அவனுக்குக் கிடைக்கும். நான் போட்டது எனக்குத் தெரியும். அடி."

அடித்தேன். சிவப்பு அடியில் இருந்ததால் முதலில் தடுப்புப் பூச்சு, பிறகு அந்த ஒரு சொட்டுக் கலந்த வெள்ளை. எழுத்தைக் கறுப்பாகவே விடவா, அதற்குள்ளும் ஏதாவது கலக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "எழுத்தில பிழை இல்லை. புது வருசத்துக்கு நாங்கள் வாசலில ஒட்டுறதும் கறுப்பு எழுத்துத்தான். சிவப்புக் கடதாசியில எழுதினா அது வாழ்த்து. பின்னால என்ன நிறம் நிக்குது எண்டதுதான் எல்லாம்."

ஏஜென்ட் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனான். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் போன். முகப்பைப் புறா அசிங்கப்படுத்திவிட்டதாம். போனேன். எனக்குப் புறா எச்சம் தெரியவில்லை. டின்னில் இம்முறை சில சொட்டுகள் விழுந்தன. அடுத்த முறை மழை. அதற்கடுத்த முறை, பஸ் சேற்றைத் தெறித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அந்தத் தெருவால் பஸ் போவதே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.  அவர் குமிழை அழுத்தினார், நான் ஏணியில் ஏறினேன்.

ஒவ்வொரு படிக்கும் கலர் கார்டில் ஒரு பெயர் இருந்தது. இங்கிலீஷ்காரரிடம் வெள்ளையில் எத்தனையோ விதம். சிப்பி வெள்ளை, ரோஜா வெள்ளை, அந்தி வெள்ளை என்று பெயருக்குள் எப்படியும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இங்கிலீஷில் தடக்காமல் வாசிப்பது பெயின்ட் டின்களை மட்டும்தான். ஏஜென்ட் கேட்டால் கார்டில் விரலை வைத்துக் காட்டலாம் என்று நானும் அவரும் தனித்தனியாக நினைத்து வைத்திருந்தோம். அவன் கேட்கவில்லை. பருவத்துக்கு ஒருமுறை வந்து, மொபைலில் பேசிக்கொண்டே ஆறு கடையையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுப் போவான். பக்கத்துக் கடைகளின் மலிவு வெள்ளை வாகனப் புகையில் மங்கிக்கொண்டு வந்தது. எங்களுடையது படிப்படியாகச் சிவந்துகொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து நடந்ததால், எது எங்கே மாறுகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வருடம் கோடை தொடங்குகிற நேரத்தில் ஒரு தடங்கல் வந்தது. கார்டின்படி அடுத்த படி பீச் பழத்தின் நிறம். அவர் பார்த்தார், கார்டை மூடினார்.

"இதில ஒரு நாளும் நிக்க ஏலாது."

ஏன் என்று கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டார். சூசை கேட்டபோது முகம் மாறாமல் மஞ்சள் என்றவர், இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பீச் நிறம் என்றால் அவர்கள் பேச்சில் ஆண் பெண் கள்ள உறவாம். பேப்பரில் வருகிற அந்த மாதிரிச் செய்திக்குப் பெயரே பீச் நிறச் செய்தியாம்.

"புருசன் இல்லாதவள் கடை முன்னுக்கு உந்த நிறத்தை அடிச்சுவைச்சா என்ன சொல்லுவினம்?"

"லூயிஷாமில ஆருக்கு அக்கா உதெல்லாம் தெரியப்போகுது?"

கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் கண்ணால் காட்டினார். "அவருக்குத் தெரியும்."

சூசை இடையில் புகுந்தான். "ரெண்டு மாதம்தானே, அக்கா. அவர் பொறுத்துக்கொள்ளுவார்."

"நீ உன்ர தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து சொல்லு, கேக்கிறன்."

பீச்சைத் தாண்டிக் குதிப்பதுதான் ஒரே வழி. ரோஜா சாயலிலிருந்து நேரே பவளச் சிவப்புக்கு. அது சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற குதி. இவ்வளவு நாளும் எறும்பு போல ஊர்ந்து வந்ததை ஒரே நாளில் கெடுக்கப் போகிறோம் என்று எனக்குப் பயம். குத்தகை முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. ஏஜென்ட் கண்டுபிடித்தால் கடை போய்விடும். கண்டுபிடிக்காவிட்டால் தப்பிவிடலாம். நடுவில் நிற்க இடமில்லை. ஏஜென்ட் போன மாதம்தான் வந்துபோனான், இனி இலையுதிர் காலத்துக்குத்தான் வருவான், அதற்குள் கண்கள் பழகிவிடும் என்றார் அவர்.

காலையிலேயே தொடங்கினேன். பேக்கரிக்காரர் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். உள்ளே போய், ஒரு பன்னைக் கொண்டுவந்து ஏணியின் அடியில் வைத்துவிட்டுப் போனார். மேல்பாதியை முடித்திருப்பேன். குடை தெரிந்தது. புதிய வீடுகளை யாருக்கோ காட்டிவிட்டு, மொபைலில் பேசிக்கொண்டே ஏஜென்ட் தெருவைக் கடந்து நேரே எங்களிடம் வந்துகொண்டிருந்தான்.

ஏணியின் கீழே வந்து நின்றான். மொபைலைக் காதிலிருந்து எடுக்காமல் அண்ணாந்து பார்த்தான்.

"ஏதோ மாறியிருக்கிறதே," என்றான்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.  இது என்ன நிறம் என்று அவன் கேட்டால், ஒரு சொல்லில் தப்பிவிடலாம். பெயரளவுக்கு அந்தி வெள்ளை என்று ஏதாவது சொன்னால் போதும். ஆனால் கடையே போனாலும் அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தபடி நின்றார்.

ஏஜென்ட் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டான்.

அவனோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயில் என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"கழுவினனான்," என்றேன்.

அவன் முகப்பைப் பார்த்தான். பேக்கரியையும் சலூனையும் பார்த்தான். இரண்டும் பழைய சாம்பல் நிறத்தில் அழுது வடிந்துகொண்டிருந்தன.

"கழுவினால் இவ்வளவு வித்தியாசமா?" என்றான். "மற்றவர்களையும் கழுவச் சொல்ல வேண்டும்." மறுபடியும் மொபைலில் பேசத் தொடங்கினான். திரும்பி நடக்கும்போது, என் கையிலிருந்த பிரஷிலிருந்து ஒரு பவளத் துளி அவனுடைய குடையின் மேல் விழுந்தது. அதைச் சுமந்துகொண்டே மேட்டால் இறங்கிப் போனான். அவர் என்னைப் பார்க்காமல் கடைக்குள் போனார். உள்ளே டின்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று பயந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் உண்மையாகவே எல்லோரையும் கழுவச் சொன்னான். துருக்கிக்காரர் சொல் கேட்கிற மனிதர். தேய்த்துக் கழுவினார். மலிவு வெள்ளை உரிந்து, அடியில் இருந்த பழைய நீலம் வெளியே வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு அதை அப்படியே விட்டுவிட்டார். அதைக் கண்டு துணிந்த பேக்கரிக்காரர் தன்னுடையதை மஞ்சளாக்கினார். பெயின்ட் எங்கள் கடையில்தான் வாங்கினார். அவரிடமும் "ஆருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா கலந்து கொடுத்தார். அந்த நிறத்துக்குச் சீனத்தில் இருந்த மற்ற அர்த்தத்தை அவரிடம் சொல்லவில்லை.

பவளத்திலிருந்து சிவப்புக்குப் போவது கஷ்டமாக இருக்கவில்லை. சீனப் புது வருடத்துக்கு முன்பு கடைசிப் பூச்சை முடித்தேன். கறுப்பு எழுத்தை ஒருநாளும் தொடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்து, சாவு அறிவித்தலிலிருந்து வாழ்த்தாக மாறியிருந்தது.

குத்தகையைப் புதுப்பிக்க ஏஜென்ட் வந்த அன்று நான் கடைக்குள் டின் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வெளியே நின்று முகப்பைப் பார்த்தான். இம்முறை மொபைல் பையில் இருந்தது. நன்றாகப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு விஷயம் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றான். நான் டின்னைக் கீழே வைத்தேன்.

வீடு வாங்க வருகிறவர்களுக்கு இந்தத் தெருவின் நிறங்கள் மிகவும் பிடித்திருக்கின்றனவாம். சிவப்புக் கடைக்கு எதிரே உள்ள வீடு என்றே கேட்டு வருகிறார்களாம். முதலாளிக்கு மெத்தச் சந்தோஷம். ஆகவே இனிமேல் கடைக்காரர் யாரும் தங்கள் முகப்பின் நிறத்தை மாற்றக் கூடாது. அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். வெள்ளை அடிக்கச் சொன்னவன் தான்தான் என்பதற்கு ஒரு அடையாளமும் அவன் முகத்தில் இல்லை.

"இப்ப இருக்கிற நிறமேவா?" என்று அவர் கேட்டார்.

"அதுவே."

"எந்தக் காலமும்?"

"கடை உங்களிடம் இருக்கும்வரை."

அவர் தலையைக் குனிந்து யோசித்தார். பெரிய கஷ்டத்துக்கு உடன்படுகிறவர் போல மெதுவாகச் சம்மதித்தார். கையெழுத்துப் போட்டார். ஏஜென்ட் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவர் வாசலுக்கு வந்து, தெருவின் மறுபக்கத்துக்குப் போய் நின்று, கடையைத் தலையிலிருந்து அடிவரை பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அன்று நல்ல வெயில்.

"அவன் சொன்னது கேட்டதோ, அண்ணை?"

"கேட்டது, அக்கா."

"அப்ப உன்ர ஏணியை எடுத்துக்கொண்டு வீட்டை போ," என்றார். "இனி இந்தச் சுவரில கை வைச்சாயெண்டா ஏஜென்டிட்டச் சொல்லிப்போடுவன்."